பச்சைதாம்மா இருந்துச்சு

பூவம்மாவுக்குக் கோபம் வந்தால் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அக்கம்பக்கத்து வீடுகளில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். பயந்துபோய் அல்ல, ஒரு வார்த்தை விடாமல் கேட்கவேண்டும் என்பதற்காக. தண்ணி லாரிக்காரர், ரேஷன் கடைக்காரர், சொந்த அண்ணன் என்று அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்களில் பாதிப்பேர் மீது நிஜமாகவே தப்பு இருந்தது. மீதிப் பாதியைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

படிப்பு முடித்ததும் சேர்ந்த பெரிய கம்பெனியில், "பேரு கொஞ்சம் பழசா இருக்கே, பூவின்னு கூப்பிடலாமா?" என்று ஓர் அதிகாரி பல்லைக் காட்டினார். "முழுசா கூப்பிட்டா வாய் வலிக்குமா சார்?" என்றாள். அங்கே ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. இப்போது வேலை செய்வது இராயபுரத்தில், கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில். மொத்த ஆபீஸையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். கண்டெய்னர் யார்டுகளுக்கான மென்பொருள் எழுதுகிறார்கள். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது, எதைத் திறக்கலாம், எதைக் கஸ்டம்ஸ் பிடித்து வைத்திருக்கிறது என்பதையெல்லாம் அது சொல்லும். குழுவுக்குத் தலைமை பாரி. மாத்தூர்க்காரன், அவளைவிட இளையவன், குரலை உயர்த்தவே மாட்டான். குரலை உயர்த்தாதவர்களைப் பூவம்மாவுக்கு எப்போதுமே பிடிக்காது. ஆனால் வேலை தெரிந்தவன் என்பதை அவளும் ஒப்புக்கொள்வாள்.

இந்தச் சங்கதி நடந்தது எண்ணூர் போகிற சாலையில் இருக்கும் ஒரு யார்டில். அங்கே பெட்டிகளைத் திறந்து சரக்கு இறக்கும் கேங்குக்கு மேஸ்திரி மொஹ்சின் பாய். தண்டையார்பேட்டைக்காரர், இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். வெளிநாட்டிலிருந்து வரும் மரக்கட்டைப் பெட்டிகளில் பூச்சி சாக மருந்துப்புகை போட்டு மூடி அனுப்புவார்கள். திறந்தவுடன் உள்ளே போனால் பூச்சிக்கு ஆன கதிதான் மனிதனுக்கும். கதவைத் திறந்துபோட்டு, காற்று உள்ளே புகுந்து வெளியேறும் வரை காத்திருக்கவேண்டும். மொஹ்சின் பாய் அப்படிப்பட்ட பெட்டியின் கதவுப்பிடியில் தன்னுடைய சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவார். துண்டு இருக்கும்வரை கேங்கில் ஒருத்தனும் கிட்டே போகமாட்டான்.

வேலை விவரம் கேட்கப் போன பூவம்மா அந்தத் துண்டைப் பார்த்தாள். அவளுடைய அப்பா லோகநாதன் துறைமுகத்தில் கந்தகமும் உரமும் இறக்கியவர். இன்றைக்கும் ரெண்டு மாடி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரும் கேட்காமலே பூவம்மா அந்தத் துண்டை மென்பொருளுக்குள் கொண்டுவந்தாள். புகைபோட்ட பெட்டிக்குத் தானாகவே தடை விழும். காற்றாட விட்டாயிற்று என்று யார்டு ஆபீஸில் பதிவு செய்தால்தான் அந்தத் தடை நீங்கும். அதுவரை மேஸ்திரியின் கையிலிருக்கும் கருவியில் சிவப்பு தெரியும், அப்புறம் பச்சை.

"இனிமே துண்ட கட்டத் தேவையில்ல பாய். மிஷினே சொல்லும்" என்றாள்.

"நீ சொன்னா சரிம்மா. நான் அதுல முகம் தொடச்சிக்கிறேன்" என்று சிரித்தார் பாய்.

இங்கேதான் பூவம்மாவின் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. அவர்கள் ஆபீஸில் ஆளுக்கு ஒரு கிளையில், அதாவது மென்பொருளின் மூலத்திலிருந்து பிரித்தெடுத்த தனிப் பிரதியில், எழுதுவார்கள். எழுதி முடித்ததும் பாரி அதைப் பொதுவான மூலத்தோடு சேர்ப்பான். அதை மெர்ஜ் என்பார்கள். யார் எப்போது எதைச் சேர்த்தார்கள் என்பதை அதற்கென்றே உள்ள ஒரு மென்பொருள் ஞாபகம் வைத்துக்கொள்ளும். சேர்த்தது சரியில்லை என்றால் அந்த மெர்ஜை நீக்கவும் முடியும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கல்யாணப் பந்தியில் ஒருத்தனை உட்காரவைத்து, பாதிச் சாப்பாட்டில் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் திரும்பி வந்தால் வாசலில் நிற்பவன், "உன் பேருதான் ஏறிடுச்சே, நீ சாப்பிட்டாச்சு" என்பான். அதே மாதிரிதான் இதுவும். ஒருமுறை சேர்த்து, நீக்கிய கிளையை மறுபடி சேர்த்தால், பழைய வேலை திரும்ப வராது. நீக்கிய பிறகு புதிதாக எழுதியது மட்டும்தான் வரும். பழையது வேண்டுமென்றால் நீக்கியதையே நீக்கவேண்டும்.

பூவம்மாவின் வேலை முதல்முறை யார்டுக்குப் போன அன்று, அதனால் வாசலில் லாரிகளுக்குக் கொடுக்கும் சீட்டு அச்சாகாமல் நின்றுபோனது. ட்ரெய்லர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்க, டிரைவர்கள் ஹாரனை அழுத்த, யார்டு மேனேஜர் பொன்ராஜ் போனில் கத்தினார். பாரி பதறாமல் அந்த மெர்ஜையே நீக்கினான். வரிசை நகர்ந்தது. அதில் தப்பில்லை. எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

பூவம்மா அதே கிளையில் சீட்டுக் கோளாறைச் சரிசெய்தாள். அதோடு மேஸ்திரியின் கருவியில் மேலே அகலமாக ஒரு வண்ணப் பட்டையையும் சேர்த்தாள். வெயிலில் நிற்பவர்களுக்குக் கண்ணில் அடிக்கவேண்டுமே. பாரி மறுபடி மெர்ஜ் செய்தான். எங்கேயும் முட்டல் மோதல் இல்லாமல் சேர்ந்தது. கஸ்டம்ஸ் பிடித்து வைத்திருந்த ஒரு பெட்டியைப் போட்டுப் பார்த்தார்கள், பட்டை சிவந்தது. இன்னொன்றைப் போட்டார்கள், பச்சை.

"எல்லாம் சேர்ந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"சேர்த்தாச்சு" என்றான் பாரி.

பூவம்மா மொஹ்சின் பாய்க்குப் போன் போட்டு, "வந்துடுச்சு பாய், பச்சை தெரிஞ்சா தாராளமா உள்ள அனுப்புங்க" என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து, கேங்கில் ஒருவனான தவசிமுத்து ஒரு மரக்கட்டைப் பெட்டிக்குள் போனான். வெளியே வந்து வாந்தி எடுத்தான். கண் தெரியவில்லை என்று கையால் துழாவினான். அப்படியே தரையில் சாய்ந்தான். ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிர் தங்கியது. ஆனால் கை நடுக்கம் நிற்குமா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பொன்ராஜ், ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் மொஹ்சின் பாயை நிறுத்தினார். மொத்த கேங்கும் பார்த்துக்கொண்டிருந்தது. "புகைபோட்ட பெட்டின்னா மிஷின் சிவப்புதான் காட்டியிருக்கும். அதப் பாத்தும் ஆளை உள்ள விட்டிருக்க. விசாரணை முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்று சொல்லி, அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். நரைத்த தலைக்காரரிடம், அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் முன்னாலேயே. கழற்ற வேறு இடமா கிடைக்கவில்லை அந்த மனுஷனுக்கு?

செய்தி ஆபீஸுக்கு வந்ததும் பூவம்மாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. யார் மேல் என்று நினைக்கிறீர்கள்? மொஹ்சின் பாய் மேல்தான். தான் உயிரைக் கொடுத்து எழுதியதை அந்த ஆள் அலட்சியம் செய்து, ஒருத்தனைச் சாவு வாசல்வரை அனுப்பிவிட்டார் என்று கொதித்தாள். யோசிக்க ஒரு நொடி எடுத்துக்கொள்ளவில்லை. மாடிப்படியில் நின்றுகொண்டே போன் போட்டாள்.

"இன்னா பாய், செவப்பு தெரிஞ்சும் ஆளை உள்ள உட்டுகிறியே, மனுஷனா நீ?"

"பச்சைதாம்மா இருந்துச்சு."

"பீலா வுடாத பாய். எழுதுனவ நானு, என்னாண்டயே கத சொல்றியா?"

"அல்லா மேல ஆணையா பச்சைதாம்மா..."

"பொய்யி! வாயத் தொறந்தா பொய்யி! தவசி கண்ணு போயிருந்தா நீயா குடுத்திருப்ப?"

பூவம்மா இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டுத்தான் வைத்தாள். கீழே கயிற்றுக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டாளா? இல்லை. அந்தப் பெட்டியின் எண்ணைச் சோதனைக் கருவியில் போட்டு, சிவப்புத் திரையைப் படமெடுத்து அவருக்கே அனுப்பவேண்டும், வாயை அடைக்கவேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எண்ணைப் போட்டாள்.

பச்சை.

எண் தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டாள். பச்சை. புகைபோட்டதாகப் பதிவான வேறு பெட்டிகளைப் போட்டாள். அத்தனையும் பச்சைப்பசேலென்று இருந்தன. மூலத்தைத் திறந்து தான் எழுதிய விதியைத் தேடினாள். இல்லை. அந்தக் கோப்பே இல்லை. வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினாள். அவள் சேர்த்தது இருந்தது. பாரி நீக்கியது இருந்தது. மறுபடி சேர்த்ததும் இருந்தது. அதில் வந்து சேர்ந்தவை சீட்டும் வண்ணப் பட்டையும் மட்டும்தான். கஸ்டம்ஸ் தடை பழசு, அதனால்தான் அன்றைக்குச் சோதித்தபோது சிவப்பு தெரிந்தது. புகைத் தடை வெளியேயே நின்றுவிட்டது. பட்டை பாவம், தடை ஏதாவது உண்டா என்று கேட்கும், யாரும் பதில் சொல்லாததால் பச்சை காட்டும்.

அதற்குப் பிறகு வந்த கோபம், அதற்கு முன்னால் அவள் வாழ்க்கையில் பட்ட கோபம் எதைப் போலவும் இல்லை.

"பாரி, இங்க வா" என்றாள். கத்தவில்லை. ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

பாரி வந்து பார்த்தான். வேலை தெரிந்தவன் ஆயிற்றே, விளக்கவே வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "நீக்குனத நீக்கிட்டு சேத்திருக்கணும்" என்று முணுமுணுத்தான். "எனக்கு அப்ப தோணல பூவம்மா. மோதல் வரலன்னதும் எல்லாம் வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"நெனச்சியா? அங்க ஒரு ஆளு கண்ணு தெரியாம தடவிக்கினு உளுந்தான். ஒருத்தரு வேல போய் வூட்ல குந்திக்கினு கீறாரு. நீ நெனச்சேன்ற!"

"மெதுவா பேசு. இப்பவே சரி பண்ணிடலாம். அடுத்த அப்டேட்ல போயிடும், யாருக்கும் தெரியவேணாம். யார்டுக்குத் தெரிஞ்சா காண்ட்ராக்ட் போயிடும். இங்க இருக்கற எல்லாருக்கும்தான் பாதிப்பு."

"பாய்க்கு?"

"அது... விசாரணையில கொஞ்ச நாள்ல விட்டுடுவாங்க. வேற யார்டு கிடைக்கும் அவருக்கு."

பூவம்மா அதற்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. எழுதினால் அச்சடிக்கமாட்டார்கள். பாரி காதைப் பொத்திக்கொள்ளாததுதான் பாக்கி. கடைசியில் அவனும் ஒரு வார்த்தை சொன்னான். "சரி, மெர்ஜ் என் தப்பு. பதில் ஏதும் வரலன்னா பச்சைன்னு எழுதுனது யாரு?"

பூவம்மா திரையில் அந்த வரியைத் தேடி எடுத்தாள்.

உண்மைதான். பதில் வராவிட்டால் சிவப்பு என்று எழுதியிருக்கலாம். ஒரே ஒரு வரி. அவள்தான் பச்சை என்று எழுதினாள். தன் வேலை வந்துதான் சேரும், வராமல் போகவே போகாது என்ற தெனாவெட்டில் எழுதினாள். அந்தத் தெனாவெட்டோடுதான் போனில் ஒரு மனுஷனைப் பொய்யன் என்றாள். பாரியாவது ஒன்றும் தெரியாமல் விட்டான். அவள் சோதித்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தன் மேலேயே வந்த அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் மேசையை ஓங்கி அறைந்தாள். கைதான் வலித்தது.

பிறகு உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். நீக்கியதை நீக்கினாள். பழைய விதி திரும்பி வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. பதில் வராவிட்டால் சிவப்பு என்று மாற்றினாள். ஒவ்வொரு பெட்டியாகப் போட்டுப் பார்த்தாள், பாரியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னாள். என்ன நடந்தது, யார் விட்டது, எதனால் பச்சை தெரிந்தது என்பதை மாற்றத்தின் குறிப்பிலேயே தன் பெயரையும் சேர்த்துத் தமிழில் எழுதினாள். எழுதி முடித்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எண்ணூர் சாலையைப் பிடித்தாள். போகிற வழியிலேயே மொஹ்சின் பாய்க்கு, ஷிப்ட் மாறும் நேரத்துக்கு யார்டு கேட்டுக்கு வரச் சொல்லிச் செய்தி அனுப்பினாள். போன் போட அவளுக்குத் துணிவு வரவில்லை.

பொன்ராஜ் அவளைப் பார்த்ததும், "வாம்மா, ஏதோ நெட்வொர்க் கோளாறாமே, பாரி போன்ல சொன்னாப்ல" என்றார். அவள் வந்துசேர்வதற்குள் பூசி மெழுகும் வேலை ஆரம்பமாகியிருந்தது.

"நெட்வொர்க்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க தப்பு. வெளிய வாங்க."

"உள்ள உக்காந்து பேசுவமே."

"உள்ளயா அவரு கார்ட புடுங்குனீங்க? எங்க புடுங்குனீங்களோ அங்க வாங்க."

கேட்டுக்கு வெளியே கேங் கூடியிருந்தது. ட்ரெய்லர்கள் உறுமிக்கொண்டிருந்தன. மொஹ்சின் பாய் சாலையோரம் தள்ளி நின்றார், கிட்டே வரவில்லை. பூவம்மா அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! அன்னிக்கு மிஷின்ல பச்சைதான் இருந்துச்சு. செவப்பு இல்ல. நாங்க போட்ட வேல நடுவுல காணாப் போயிடுச்சு, நாங்க பாக்கல. பாத்திருக்கணும், பாக்கல. இவரு மேல ஒரு தப்பும் கிடையாது. தவசி படற கஷ்டத்துக்கு நானும் எங்க ஆபீஸும்தான் காரணம். இப்ப சரி பண்ணிட்டேன். ஆனா என்னியே நம்பிக்கினு உள்ள பூடாதீங்க. கதவத் தொறந்துபோட்டு, காத்தாட வுட்டு, உங்க மேஸ்திரி சொன்னப்புறம் போங்க."

பொன்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேங்கில் ஒருத்தன், "அந்தக் கார்டு எங்க சார்?" என்று கேட்டான். இன்னொருத்தனும் கேட்டான். பொன்ராஜ் உள்ளே ஆள் அனுப்பி அட்டையை எடுத்துவரச் செய்து, நாளையிலிருந்து வரலாம் பாய் என்று நீட்டினார். மொஹ்சின் பாய் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கழுத்தில் மாட்டவில்லை.

பூவம்மா அவர் முன்னால் போய் நின்றாள். "பாய், உன்ன பொய்யன்னு சொல்ட்டேன். தப்பு பாய்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம் இருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. "இங்க கத்துனது போதும்மா. நீ போன்ல திட்டுனியே, அன்னிக்கு எம் பொண்ணு பக்கத்துல குந்திக்கினு இருந்தா. எல்லாத்தையும் கேட்டா. இவனுங்களாண்ட சொன்னத அவளாண்ட வந்து சொல்லு."

தண்டையார்பேட்டையில் அவர் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. அவர் மகள் சைமா காலேஜிலிருந்து அப்போதுதான் வந்து பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பூவம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு உள்ளே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை இருந்தது என்று சொன்னாள், உங்க அத்தா ஒரு பொய்யும் சொல்லலை என்று சொன்னாள், கார்டு திரும்பக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். மொஹ்சின் பாய் உள்ளே அடுப்படிக்குப் போனார்.

சைமா முழுசாகக் கேட்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "எங்கத்தா பொய் சொல்லமாட்டாருன்னு எனக்குத் தெரியும். அத சொல்ல நீங்க வரவேணாம்."

"இல்லம்மா, நான்..."

"அன்னிலேர்ந்து அவரு எத சொன்னாலும் கூட ஒண்ணு சேத்துச் சொல்றாரு. சோறு துன்னுட்டேன், மெய்யாலுமே. கரண்ட் பில் கட்டிட்டேன், மெய்யாலுமே. நாங்க யாரும் கேக்கல அவர. அவராவே சொல்றாரு."

யாருக்கும் பதில் பாக்கி வைக்காத பூவம்மா, வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத் திரும்பிப் பார்த்தாள். திட்ட யாரும் இருக்கவில்லை அங்கே.

மொஹ்சின் பாய் ரெண்டு கிளாஸில் டீயோடு வந்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"குடிம்மா" என்றார். "சக்கரை கம்மியாத்தான் போட்டேன். மெய்யாலுமே."